பவளத்தை ஏற்றிப்போன காலை

மஞ்சுளா கல்யாணமாகி புதுச்சத்திரத்துக்கு வந்தபோது அவளுக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஊர் எல்லையில் அய்யனாருக்குப் பக்கத்தில் நிற்கும் மண்குதிரைதான். வந்த வீட்டில் கோழிப்பண்ணை இருந்தது. பதினான்கு வருடம் முட்டைக்கோழிகளோடு கிடந்தாள். தினமும் காலையில் கூண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து, செத்த கோழிகளைக் காலைப் பிடித்து இழுத்து வாளியில் போடுவாள். பத்து இருக்கும், சில நாள் முப்பது இருக்கும். அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட நேரமும் இருந்ததில்லை.

பண்ணையை நடத்த முடியாமல் ஷெட் இரண்டும் காலியாகக் கிடந்த சமயத்தில்தான் நாமக்கல் பக்கம் இருந்த ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தார்கள். பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தருவதை நிறுத்திவிட்டார்களாம். விற்கிறவரைக்கும் இரண்டு குதிரைகளைக் கட்டி வைக்க இடம் வேண்டும். மஞ்சுளாவின் புருஷன் கந்தப்பன் முட்டை லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டான். "கோழியில பட்டது பத்தாதா? கடிக்கிற சாதி, ஒதைக்கிற சாதி, நமக்கெதுக்கு?" என்றான். மஞ்சுளாதான் சரி என்று சொன்னாள்.

ஒன்றை மூன்று மாதத்தில் விற்றுக்கொண்டு போனார்கள். இன்னொன்றைக் கேட்டு யாரும் வரவில்லை. செவலைப் பெட்டை. பதினோரு வயது. இடது பின்னங்காலில் மட்டும் குளம்புக்கு மேலே வெள்ளை. பெயர் பவளம். "நீங்களே வெச்சுக்கோங்க" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் கை கழுவிக்கொண்டார்கள்.

பவளம் அவளுடையதாக ஆனது அந்தக் காகிதத்தால் அல்ல. அது வந்த ஐந்தாவது மாதம், ஒரு மத்தியானம், தீவனத்தைத் தொடாமல் தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு முன்னங்காலால் தரையைக் கீறியது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. கால்நடை டாக்டர் ரஞ்சனி வந்து ஊசி போட்டுவிட்டு, குடல் பிசகியிருக்கலாம், படுத்து உருளவிட்டால் செத்துப்போகும், சாணம் போடுகிற வரைக்கும் நடத்திக்கொண்டே இருங்கள் என்றாள். மஞ்சுளா நடத்தினாள். ஷெட்டின் நிழலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், ஒரு மணியிலிருந்து ஆறரை மணிவரை. செருப்பு அறுந்துபோய் வெறுங்காலோடு நடந்தாள். பவளம் முழங்கால் மடிந்து விழப்போகும்போதெல்லாம் அதன் கழுத்துக்கடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினாள். "நட சாமி, இன்னும் ஒரு நடை, என் சாமியில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டிவிட்டது. வெயில் இறங்கின பிறகு பவளம் நின்றது, வாலைத் தூக்கியது, நாலு உருண்டை சாணம் போட்டது. மஞ்சுளா அதைப் பார்த்து விக்கி விக்கி அழுதாள். கூட நின்ற வேலைக்காரி பாப்பாயி, "சாணியப் பாத்து அழுவற பொம்பளைய இன்னைக்குத்தான் பாக்கறேன் அம்மிணி" என்று சிரித்தாள்.

அன்று முதல் பவளம் அவள் தோளில் தாடையை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டது. குனிந்து குளம்பு சுத்தம் பண்ணிவிட்டு நிமிர்ந்தால் போதும், பின்னாலிருந்து அந்தக் கனமான தாடை வந்து தோளில் இறங்கும். நெடுஞ்சாலையில் ஏதாவது லாரி ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போனால் தலையைக் கொண்டுவந்து அவள் கக்கத்துக்குள் நுழைத்துக்கொள்ளும். கந்தப்பன் லாரியோடு வரும்போது வேண்டுமென்றே ஹாரன் அடிக்காமல் வந்து நிறுத்துவான். குதிரை பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

பவளத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். போர்வெல் வண்டி வைத்திருப்பவர்கள், நாமக்கல் டாக்டர் ஒருவர், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஆள் என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்து விட்டார்கள். வாங்கத் தெரிந்த அளவுக்கு வளர்க்கத் தெரியாதவர்கள். மூன்று வருடத்தில் பவளத்தோடு சேர்த்து ஆறு குதிரைகள் ஆகின. பெரிய ஷெட்டில் தடுப்புச்சுவர் எழுப்பி ஆறு அறை கட்டினாள். நடுவே நீளமாக ஒரு சிமெண்ட் தண்ணீர்த்தொட்டி. கடைக்கோடியில் இருந்த சின்ன ஷெட்டைத் தனியாக வைத்தாள். புதிதாக வரும் குதிரையை இருபத்தொரு நாள் அங்கே தனியாகக் கட்டி, ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது ரஞ்சனி சொல்லிவைத்த சட்டம். மஞ்சுளா அதை ஐந்து முறையும் தவறாமல் செய்தவள்.

ஆறாவது முறை தவறினாள்.

சித்திரை மாதம். திருச்செங்கோட்டு கோகுல்ராஜ் வடக்கே ஒரு தரகனிடம் வாங்கிய சாம்பல் நிறக் குதிரையை லாரியில் ஏற்றிவந்து இறக்கினான். வீரா என்று பெயர். மூன்று நாள் பயணத்தில் விலா எலும்பு தெரிய நின்றது. "அக்கா, நல்ல சாதிக் குதிரைங்க. பேப்பரெல்லாம் பின்னாடி வருமுங்க" என்றான். சின்ன ஷெட்டின் தண்ணீர் மோட்டார் அன்றைக்கென்று கருகிக் கிடந்தது. வாளியில் சுமக்கலாம். நூறடி தூரம். மஞ்சுளா இரண்டு வாளி சுமந்தாள். குதிரை அதை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு இன்னும் கேட்டு நின்றது. பாப்பாயிக்கு மூட்டுவலி. வெயில் தகித்தது. ஒரு வேளைதானே என்று வீராவை அவிழ்த்துக்கொண்டு வந்து பெரிய தொட்டியில் தண்ணீர் காட்டினாள். மோட்டார்க்காரன் நாலு நாள் வரவில்லை. அந்த நாலு நாளும் வீரா பெரிய தொட்டியில்தான் குடித்தது. அதற்குப் பின்னால் பவளம் குடித்தது.

ஒன்பதாம் நாள் வீராவின் ஒரு மூக்கில் மட்டும் தேன் மாதிரி கெட்டியாக, மஞ்சளாக வடிந்தது. பாப்பாயி பழந்துணியால் துடைத்துவிட்டாள். மறுநாள் பின்னங்கால் உள்பக்கத்தில் கோத்துவிட்ட மாதிரி வரிசையாகக் கட்டிகள் தென்பட்டன.

ரஞ்சனி வந்தாள். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தவள், திரும்பிப் போய் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். வெளியே வந்ததும் மஞ்சுளாவிடம் நிதானமாகச் சொன்னாள்.

"மஞ்சுளாக்கா, இது கிளாண்டர்ஸா இருக்கும்னு நினைக்கிறேன். குதிரைக்கு வந்தா மருந்து கிடையாது. மனுஷங்களுக்கும் தொத்தும். உசுருக்கே ஆபத்து. ரத்தம் எடுத்து அனுப்பறேன். முடிவு வர்ற வரைக்கும் ஒரு குதிரை உள்ள வரக்கூடாது, ஒரு குதிரை வெளிய போகக்கூடாது. இவன் மத்ததுங்களோட சேந்தானா?"

"இல்லீங்."

"தண்ணி?"

"வாளியிலதானுங்க ஊத்தினோம்" என்றாள் மஞ்சுளா.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. பாப்பாயி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏழு குதிரைகளின் ரத்தமும் போனது. முடிவு வருவதற்குள் வீரா மூச்சுவிட முடியாமல் இறந்துபோனது. கோகுல்ராஜ் வந்து பார்க்கவில்லை. போனில், "சட்டப்படி என்ன பண்ணோணுமோ பண்ணிருங்க அக்கா" என்றான். ரத்தம் அனுப்பிய பன்னிரண்டாம் நாள் தாள் வந்தது. வீராவுக்கு நோய் உறுதி. மற்ற ஐந்துக்கும் இல்லை. பவளத்துக்கு உண்டு.

மஞ்சுளா நம்பவில்லை. பவளம் கொள்ளைக் கொறித்துக்கொண்டு நின்றது. மூக்கு சுத்தமாக இருந்தது. ரோமம் எண்ணெய் பூசின மாதிரி மினுங்கியது. "மாத்தி எழுதிட்டாங்க டாக்டரம்மா. நல்லா பாருங்க, எங்கீங்க நோவு?" என்றாள். ரஞ்சனி வாதாடவில்லை. இரண்டாம் முறை ரத்தம் எடுத்தாள். பவளத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துச் சின்ன ஷெட்டில் கட்டச் சொன்னாள். இரண்டாவது முடிவும் அதே முடிவாகத்தான் வந்தது.

"வெளியில தெரியாமயே உள்ளுக்குள்ள இருக்கும்க்கா. மாசக்கணக்கா இருக்கும். அதுவரைக்கும் பரப்பிக்கிட்டே இருக்கும். வியாழக்கிழமை வாரோம். நான்தான் ஊசி போடுவேன். வலிக்காம பாத்துக்கறேன். அதுக்கு மேல என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல" என்றாள் ரஞ்சனி. போகும்போது கேட்டுக்குப் பூட்டுப் போடட்டுமா என்று கேட்ட உதவியாளரிடம், "வேண்டாம், அக்கா பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை பாப்பாயி வேலைக்கு வரவில்லை. காய்ச்சலும் இருமலும் என்று அவள் மகன் ராசு போனில் சொன்னான். வெயில் காய்ச்சலாக இருக்கும் என்று மஞ்சுளா சொன்னாள். அவனுக்குச் சொன்னாளோ தனக்குச் சொன்னாளோ.

புதன்கிழமை மாலையில் கந்தப்பன் லாரியை விட்டுவிட்டு வந்தான். மஞ்சுளா சமைத்திருக்கவில்லை. சின்ன ஷெட்டின் வாசலில், ரஞ்சனி கட்டியிருந்த தடுப்புக் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக அவள் அங்கேயே கிடப்பதை அக்கம்பக்கத்தார் சொல்லியிருந்தார்கள். கந்தப்பன் பக்கத்தில் வந்து நின்றான்.

"கெங்கவல்லிக்குக் கொண்டு போயிறலாமா?" என்றான்.

அவள் நிமிர்ந்தாள். கெங்கவல்லி அவள் பிறந்த ஊர். தம்பி கருப்பண்ணன் அங்கே மரவள்ளி போட்டிருந்தான். காட்டுக்குள் தனிவீடு. அந்தப் பக்கம் குதிரையே கிடையாது.

"அங்க ஒட்டறதுக்கு வேற குதிரை ஏது? தனியாத்தானே நிக்கும்? ஆறு மாசம் போகட்டும், மறுபடி ரத்தம் எடுத்துப் பாக்கலாம். நோவே இல்லாத உசுரக் கொல்லச் சொல்றதுக்கு இவங்க யாரு?" என்றான் கந்தப்பன். பிறகு குரலை இறக்கி, "உன்னைய இப்படிப் பாக்க முடியல மஞ்சு" என்றான்.

அவள் பாப்பாயியை நினைத்தாள். நினைத்ததை ஒதுக்கித் தள்ளினாள்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் பிக்கப் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து கந்தப்பன் மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தினான். குதிரையை வண்டியில் ஏற்றுவது சாதாரண வேலையல்ல. நாலு ஆள் பிடித்து, கண்ணைக் கட்டி, பின்னால் கயிறு போட்டுத் தள்ளினாலும் ஏறாத குதிரைகள் உண்டு. மஞ்சுளா முன்னால் ஏறி நின்று, "வா சாமி" என்றாள். பவளம் ஏறி வந்துவிட்டது. தார்பாயை இழுத்து மூடினார்கள்.

ராசிபுரம் தாண்டி, நாமகிரிப்பேட்டை தாண்டி, ஆத்தூர் ரோட்டில் போனார்கள். மஞ்சுளா பின்னால் குதிரையோடு நின்றாள். எதிரே வந்த பஸ் ஒன்று ஏர்ஹாரன் அடித்தபோது பவளம் தலையைக் கொண்டுவந்து அவள் கக்கத்தில் நுழைத்தது. முகக்கவசமும் கையுறையும் வீட்டிலேயே கிடந்தன. இத்தனை நாள் ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். இன்று போட்டுக்கொண்டால் நோய் இருப்பதாக ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியிருந்தது.

எட்டரை மணிக்குக் கருப்பண்ணனின் காட்டுக்குள் வண்டி நுழைந்தது. மரவள்ளி பிடுங்கிக் குவித்திருந்தார்கள். கருப்பண்ணன் கொடுவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான்.

"என்னக்கா இது, சொல்லாம கொள்ளாம? குதிரையோட வந்து நிக்கற!"

"கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும்டா. அங்க எடமில்ல" என்றாள்.

"இருந்துட்டுப் போவுது. மாட்டுக் கொட்டாயில எடம் கெடக்குது." அவன் தார்பாயை விலக்கிப் பவளத்தைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே மாடு பிடித்துப் பழகினவன். எந்தக் கால்நடையைப் பார்த்தாலும் அவனுக்கு முதலில் பல்லைப் பார்க்க வேண்டும். "வயசு என்னா இருக்கும்? பல்லப் பாப்போம் இரு" என்று வண்டியின் பக்கவாட்டில் தொற்றி ஏறினான். இடது கையால் தாடையைப் பிடித்தான். வலது கையைப் பவளத்தின் வாய்க்குக் கொண்டுபோனான். அந்தக் கைக் கட்டைவிரலில் ஒரு கந்தல் சுற்றியிருந்தது. கிழங்கு வெட்டும்போது பட்ட வெட்டு. கந்தல் நனைந்து அவிழ்ந்து தொங்க, சிவப்பாக வாய் பிளந்திருந்தது காயம். பவளம் அவன் கையை மோந்து, நீளமாக மூச்சு விட்டது.

"கைய எடுடா!"

அந்தக் கத்தல் தன்னுடையதுதான் என்று மஞ்சுளாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. கருப்பண்ணன் பயந்து வண்டியிலிருந்து பின்பக்கமாக விழுந்தான். பவளம் மிரண்டு பலகையில் மோதியது. வீட்டுக்குள்ளிருந்து அவன் பெண்டாட்டி ஓடிவந்தாள்.

"என்னக்கா? கடிக்குமா?" என்றான் கருப்பண்ணன்.

நோய் இல்லை, தாள் தப்பு, டாக்டரம்மாவுக்குத் தெரியாது என்று இருபது நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவள் மஞ்சுளா. அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் அவள் வாய் முந்திக்கொண்டது. மனசுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் தம்பி வீட்டு வாசலுக்கு இதைக் கொண்டுவந்திருக்கிறாள்.

வண்டியிலிருந்து இறங்கி வந்து சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். கருப்பண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு பம்புசெட்டுக்குப் போய்க் கையை நீட்டி, சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினான். பெண்டாட்டி தண்ணீர் பிடித்து ஊற்றினாள். வெகுநேரம் கழுவினான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மூணு உசுரு இருக்குது இந்த வீட்டுல. சொல்லிட்டாவது கொண்டாந்திருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ வேணாம்ப" என்றாள் மஞ்சுளா.

"ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பன்."

கந்தப்பன் இடையில் வந்தான். கல்வராயன் மலைப் பக்கம் தெரிந்த லாரிக்காரன் ஒருவன் இருக்கிறான், மேலே காடுதான், யாரும் வரமாட்டார்கள் என்றான். மஞ்சுளா அதைக் காதில் வாங்காமல் போனை எடுத்தாள்.

ரஞ்சனி முதல் மணியிலேயே எடுத்தாள். ஊசி போட வந்து மஞ்சுளாவின் லாயத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, நான் கெங்கவல்லியில இருக்கறேனுங்க. பவளம் எங்கிட்ட இருக்குது. என் தம்பி கையில வெட்டுக்காயமுங்க. அதுமேல மூச்சு பட்டுருச்சு. என்ன பண்ணோணுமுன்னு சொல்லுங்க."



"அவரை உடனே ஆத்தூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. நான் அங்க பேசறேன். குதிரையைக் கீழ இறக்குனீங்களா?"

"இல்லீங்."

"எங்கயும் இறக்காதீங்க. எங்கயும் நிறுத்தாதீங்க. அப்படியே வாங்க."

"இன்னொண்ணுங்க. தண்ணி... வாளியில ஊத்தலீங்க. நாலு நாளும் பெரிய தொட்டியிலதான் குடிச்சுது. பொய் சொல்லிட்டேன்."

"வாங்க" என்றாள் ரஞ்சனி. போன் அணைந்தது.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. தார்பாய்க்குள் அனல் அடித்தது. மஞ்சுளா முன்னால் உட்காரவில்லை. பவளத்தின் வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றுவந்தாள். கந்தப்பன் ஆத்தூர் தாண்டுகிற வரைக்கும் மெதுவாக ஓட்டினான். பின்னாலிருந்து தட்டி நிறுத்தச் சொல்வாள், வேறு பக்கம் திருப்பச் சொல்வாள் என்று எதிர்பார்த்தான் போல. அவள் தட்டவில்லை.

கேட்டில் ஜேசிபி ஒன்று நின்றது. வேலி ஓரமாகக் குழி தயாராக இருந்தது. பக்கத்தில் சுண்ணாம்பு மூட்டைகள். ஒரு போலீஸ்காரர் நிழலில் நின்றிருந்தார். ரஞ்சனியின் கண்கள் சிவந்திருந்தன.

"உங்களை நம்பித்தான் பூட்டாமப் போனேன். நான் எழுதித்தான் ஆகணும்க்கா. எழுதாம விடமாட்டேன்" என்றாள்.

"எழுதுங்க" என்றாள் மஞ்சுளா.

பவளத்தைச் சின்ன ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். ரஞ்சனியும் இரண்டு உதவியாளர்களும் தலையிலிருந்து கால்வரை மூடுகிற வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். பவளம் அப்படிப்பட்ட உருவங்களைப் பார்த்ததில்லை. காதைப் பின்னுக்கு மடித்து, கயிற்றை இழுத்து, முன்னங்காலைத் தூக்கியது. ஒரு உதவியாளர் சுவரில் மோதி விழுந்தார். இரண்டு முறை முயன்றுவிட்டு ரஞ்சனி வெளியே வந்தாள். மூச்சு வாங்கியது.

"கிட்ட விடமாட்டேங்குது. மயக்க ஊசி சரியா ஏறலேன்னா பாதியில தவிக்கும். நீங்க வந்து பிடிச்சா நிக்கும். உங்களை வரச்சொல்றது நியாயமில்லன்னு எனக்குத் தெரியும்."

மஞ்சுளாவுக்கும் ஒரு வெள்ளை உடுப்பு கொடுத்தார்கள். கையுறை இரண்டு அடுக்கு. முகத்தை மூடினார்கள். கண்ணாடி மாட்டினார்கள். அவள் உள்ளே போனாள்.

பவளம் அவளையும் பார்த்து மிரண்டது. கயிறு எட்டும்வரை பின்னால் போய்ச் சுவரில் முட்டி நின்று, கண் வெள்ளை தெரியப் பார்த்தது. மூன்று வருடமாக அவளைக் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்ட குதிரைக்கு இப்போது அவள் யாரோ. அவளுடைய வாசனை எதுவும் அந்த உடுப்புக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. நல்லது, இப்படியே இருந்துவிடட்டும் என்றுகூட மஞ்சுளாவுக்குத் தோன்றியது. செய்தது யாரென்று தெரியாமலே போகட்டும். ஆனால் பயத்தில் அதன் தொடைத் தோல் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படி நடுங்கிக்கொண்டு சாகவிட அவளால் முடியவில்லை.

"சாமி" என்றாள். "நான்தான் சாமி."

ஒரு காது முன்னால் திரும்பியது.

"வா சாமி. ஒண்ணுமில்ல. வா."

பவளம் ஓரடி வைத்தது. இன்னொரு அடி. மூக்கை நீட்டி அந்த வெள்ளைத் துணியை மோந்தது. அதில் ஒன்றும் கிடைக்காமல் குரலை மட்டும் நம்பிக் கிட்டே வந்து, தாடையை அவள் தோளில் இறக்கியது. மஞ்சுளா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரஞ்சனி அந்தப் பக்கம் வந்து நரம்பைத் தடவித் தேடினாள். மஞ்சுளா பேச்சை நிறுத்தவில்லை. இன்னும் ஒரு நடை, என் சாமியில்ல, இன்னும் ஒரு நடை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தோளில் தாடையின் கனம் கூடியது. பிறகு தாங்க முடியாத அளவுக்குக் கூடியது. "விட்டுருங்கக்கா, விலகுங்க" என்று ரஞ்சனி இழுத்தாள். பவளம் முன்னங்கால் மடிந்து, மெல்லச் சாய்ந்து, வைக்கோலில் படுத்தது. இரண்டாவது ஊசியைப் படுத்த நிலையில் போட்டார்கள்.

குழிக்குள் இறக்கும்போது மஞ்சுளாவைப் பார்க்கவிடவில்லை. சுண்ணாம்பு கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அன்று மாலை வைக்கோல், தலைக்கயிறு, பிரஷ், தீவனத் தொட்டி, அவள் கட்டியிருந்த சேலை எல்லாவற்றையும் போட்டு எரித்தார்கள். பெரிய தண்ணீர்த்தொட்டியை ஜேசிபி உடைத்தது.

பாப்பாயிக்கு வந்தது டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குதிரை நோய் இல்லை. அவள் தேறி எழுந்தாள். ஆனால் ராசு அவளை மறுபடி வேலைக்கு அனுப்பவில்லை. ஒருமுறை புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் மஞ்சுளாவைப் பார்த்தபோது பாப்பாயி கிட்ட வந்தாள். "அன்னைக்கு தண்ணி விசயம் நானாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்கோணும் அம்மிணி" என்றாள்.

கருப்பண்ணன் மாதக்கணக்கில் ரத்தம் கொடுத்துக்கொண்டும் மாத்திரை தின்றுகொண்டும் இருந்தான். கடைசியில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதை அவன் அக்காவுக்குச் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டிதான் போன் பண்ணினாள். "அவரு பேசுவாரு, கொஞ்ச நாள் ஆவட்டும் அண்ணி" என்றாள். ஆடிக்கு மஞ்சுளா பிறந்த ஊருக்குப் போகவில்லை. அவளை யாரும் கூப்பிடவும் இல்லை. நோயுள்ள குதிரையை வெளியே கொண்டுபோனதற்காக வழக்கு போட்டிருந்தார்கள். விசாரணைக்கு இரண்டு முறை போய் நின்றாள். கேட்டதற்கெல்லாம் ஆமாங்க என்று பதில் சொன்னாள். கந்தப்பன் தான்தான் வண்டி ஓட்டினேன் என்று முந்திக்கொண்டு சொன்னான். இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.

மீதி ஐந்து குதிரைகளுக்கும் மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். மூன்று முறையும் சுத்தமாக வந்தது. கட்டுப்பாட்டை நீக்கிய ஞாயிற்றுக்கிழமையே குதிரைச் சொந்தக்காரர்கள் நாலு பேர் வண்டியோடு வந்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. கயிற்றை அவள் கையிலிருந்து வாங்காமல் தாங்களே உள்ளே போய் அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

நாமக்கல் டாக்டரின் குட்டை வெள்ளைக் குதிரை மட்டும் மிஞ்சியது. பெயர் மயில். கிழடு. அவர் போனில், "எங்க வீட்ல வெக்க எடமில்லீங்களே. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். "நடந்ததெல்லாம் தெரியுமுங்களா?" என்று மஞ்சுளா கேட்டாள். தெரியும் என்றார். "பெரிய தொட்டியில தண்ணி காட்டினது நானுங்க. அதுவும் தெரியுமுங்களா?" என்றாள். அதையும் டாக்டரம்மா சொன்னார்கள் என்றார்.

அன்று சாயங்காலம் மஞ்சுளா தீவனக் கூடையை எடுத்துக்கொண்டு பெரிய ஷெட்டுக்குள் போனாள். ஆறு அறையில் ஐந்து காலி. மயில் ஒவ்வொரு காலி அறையின் பக்கமும் காதைத் திருப்பிக் கேட்டது. பிறகு கனைத்தது. பதில் வராததால் மறுபடி கனைத்தது. அவள் கூடையை வைத்துவிட்டு அதன் கழுத்தைத் தொடக் கையை நீட்டினாள். தொடவில்லை. பாதியில் நின்ற கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். வெளியே போய் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். அப்புறம்தான் தொட்டாள்.